அப்கிரேட் செய்த பிறகு திரை சரியாகத் தெரியவில்லையா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

இயங்குதள அப்கிரேட் நல்லபடியாக ஓடி முடிந்தது, கணினி தானாக ரீஸ்டார்ட் ஆனது, அதற்கப்புறம் திரை கறுப்பாகவே நிற்கிறது. சிலருக்குக் கறுப்பு இல்லை, ஆனால் ஐகான் எல்லாம் பூதாகரமாகத் தெரிகிறது, அல்லது திரை விட்டு விட்டு மினுக்குகிறது, அல்லது நேற்று வரை ஓடிய இரண்டாவது மானிட்டரைக் காணவில்லை. இந்த இடத்தில் பலரும் பதற்றத்தில் கண்ணில் பட்ட டிரைவரை எல்லாம் இறக்கிப் போடுகிறார்கள், அதுவும் சரிவராவிட்டால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து நிறுவுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். அப்கிரேட் எந்தத் திரையையும் உடைப்பதில்லை. இயங்குதளத்துக்கும் கிராஃபிக்ஸ் சிப்புக்கும் நடுவே பேசுகிற மென்பொருளான டிரைவரையும் அதன் செட்டிங்கையும்தான் அது மாற்றுகிறது.

என் உறவினர் ஒருவரின் மடிக்கணினியில் இப்படித்தான் ஆனது. அப்கிரேடுக்குப் பிறகு திரையில் ஒன்றுமே இல்லை. பழுது பார்த்தவர் பேனல் போய்விட்டது என்று சொல்லி மாற்றியும் கொடுத்தார். புதுப் பேனலிலும் அதே கறுப்பு. கடைசியில் பார்த்தால், அந்தக் கணினி இல்லாத ஒரு வெளி மானிட்டருக்குப் படத்தை அனுப்பிக்கொண்டிருந்தது, மூன்று விசை அழுத்தியதும் சரியாகிவிட்டது. அந்தப் பணம் திரும்பி வரவில்லை. அதனால்தான் எதையும் கழற்றுவதற்கு முன்னால் கீழே உள்ள இரண்டு சோதனைகளையும் செய்துவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

முதலில் இரண்டு சோதனை

ஒன்று, பயாஸ் சோதனை. பயாஸ் என்பது இயங்குதளத்துக்கு முன்னால் ஓடும் அடிப்படை மென்பொருள். கணினியை அணைத்துவிட்டு, ஆன் செய்த உடனே பயாஸுக்குள் போகும் விசையைத் திரும்பத் திரும்பத் தட்டுங்கள். பெரும்பாலும் எஃப்2 அல்லது டெலீட், சிலவற்றில் எஃப்10 அல்லது எஸ்கேப். பயாஸ் திரை வந்த நேரத்தில் இயங்குதளம் இன்னும் ஏறவே இல்லை, டிரைவருக்கும் அங்கே வேலை இல்லை. எனவே அங்கே படம் சுத்தமாக, கோடு இல்லாமல், மினுக்காமல் தெரிந்தால் பேனல், கேபிள், பின்னொளி எல்லாம் நலம், கோளாறு மென்பொருளில் என்று நம்பலாம். அங்கேயும் கோடு விழுந்தால் அப்கிரேடுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தற்செயலாக ஒரே நாளில் வந்த வன்பொருள் பழுது அது.

இரண்டு, ஸ்கிரீன்ஷாட் சோதனை. திரையில் கோடோ புள்ளியோ நிறத்திட்டோ தெரியும்போது ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதைக் கைபேசிக்கு அனுப்பிப் பாருங்கள். ஸ்கிரீன்ஷாட்டிலும் கோடு இருந்தால் படம் உருவாகும் இடத்திலேயே கெட்டிருக்கிறது, அதாவது டிரைவர் அல்லது கிராஃபிக்ஸ் சிப். ஸ்கிரீன்ஷாட் சுத்தமாக இருந்து திரையில் மட்டும் கோடு தெரிந்தால், படம் சரியாக உருவாகி வரும் வழியில் கெடுகிறது: கேபிள், பேனல், இல்லாவிட்டால் அந்தப் பேனலுக்கு ஒத்துவராத ரெஃப்ரெஷ் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறது என்ற கணக்கு. இந்தச் சோதனையை ஏன் யாரும் முதலில் சொல்வதில்லை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை, அத்தனை பயனுள்ளது.

திரை முழுக்கக் கறுப்பு

இதுதான் அதிகம் பேரைப் பயமுறுத்துவது. ஆனால் கறுப்பிலும் வகை இருக்கிறது. இங்கிருந்து லினக்ஸ் பகுதி வரை சொல்வது விண்டோஸுக்கு.

கறுப்புத் திரையில் மவுஸ் அம்பு மட்டும் நகர்கிறதா? மகிழ்ச்சி, டிரைவர் வேலை செய்கிறது. டெஸ்க்டாப்பைக் காட்டும் எக்ஸ்புளோரர் என்ற நிரல் மட்டும் எழவில்லை. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும்; அதில் ரன் நியூ டாஸ்க் என்பதை அழுத்தி எக்ஸ்புளோரர் என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுங்கள். டெஸ்க்டாப் வந்துவிட்டால், தொடக்கத்திலேயே ஓடும் செயலி ஏதோ ஒன்று, பெரும்பாலும் பழைய ஆன்டிவைரஸோ டெஸ்க்டாப் தோற்றத்தை மாற்றும் செயலியோ, இடைஞ்சல் செய்கிறது. ஸ்டார்ட்அப் பட்டியலில் அவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள்.

அம்பும் இல்லை, ஆனால் ஒலி கேட்கிறது, கேப்ஸ் லாக் விளக்கு எரிந்து அணைகிறது என்றால் கணினி உயிரோடு இருக்கிறது, படம் மட்டும் வரவில்லை. விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு ஆங்கில வரிசையில் இரண்டாவதாக வரும் பி எழுத்தைத் தட்டுங்கள். ஒரு சின்ன பீப் ஒலி வந்து திரை ஒருமுறை வெட்டும், கிராஃபிக்ஸ் டிரைவர் அங்கேயே மீண்டும் தொடங்கும், திறந்திருக்கும் வேலை எதுவும் போகாது. தூக்கத்திலிருந்து எழுந்தபோது கறுப்பாகிவிட்ட திரைக்கு இது பல நேரம் போதும்.

அது பலிக்காவிட்டால், படம் வேறு எங்கோ போகிறதா என்று பாருங்கள். என்டர் தட்டிக் கடவுச்சொல்லைக் கண்ணை மூடிக்கொண்டு தட்டுவதுபோல் தட்டி உள்ளே போங்கள். அப்புறம் விண்டோஸ் விசையோடு, ப்ரொஜெக்ட் என்ற சொல்லின் முதல் எழுத்தான பி. கீழ் அம்பு ஒருமுறை, என்டர். ஐந்து நொடி காத்திருங்கள். வராவிட்டால் மறுபடி அதே வரிசை. மொத்தம் நான்கு நிலைகள்தான் இருக்கின்றன, அதனால் சில சுற்றுக்குள் உங்கள் திரை பிடிபட்டுவிடும். என் உறவினர் வீட்டில் நடந்தது இதுதான்.

இன்னும் ஒன்று: இருட்டறையில் மடிக்கணினித் திரைமேல் டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாக ஐகான்கள் தெரிந்தால் படம் இருக்கிறது, பின்னொளிதான் எரியவில்லை. வெளிச்ச விசையைப் பல முறை தட்டுங்கள், சில நேரம் அப்கிரேட் வெளிச்ச அளவை அடிமட்டத்தில் விட்டுவிடுகிறது. பயாஸ் திரையிலும் பின்னொளி இல்லை என்றால் அப்போது வன்பொருள்.

டெஸ்க்டாப் கணினி வைத்திருப்பவர்கள் பின்பக்கம் ஒருமுறை பாருங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தும் மானிட்டர் கேபிள் மதர்போர்டுத் துளையில் செருகப்பட்டிருக்கலாம். கேபிளைக் கார்டின் துளைக்கு மாற்றுங்கள்.

லோகோ வருகிறது, வட்டம் சுற்றுகிறது, அப்புறம் கறுப்பு என்றால் டிரைவர் ஏறும் நொடியில்தான் விழுகிறது. இதற்கு, அத்தியாவசிய டிரைவர்களை மட்டும் ஏற்றித் தொடங்கும் சேஃப் மோட் வேண்டும். திரை தெரிகிற நிலையில் இருந்தால் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட். தெரியாவிட்டால், லோகோ வந்ததும் பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்தி அணைத்துவிடுங்கள்; இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் விண்டோஸ் தானே மீட்புத் திரைக்குப் போய்விடும். அங்கே ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட். வரும் பட்டியலில் 4 சேஃப் மோட், 5 இணையத்தோடு சேஃப் மோட். 3 குறைந்த ரெசல்யூஷன், இதையும் முயலலாம்.

ஒரு எச்சரிக்கை. டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் இந்த வழியில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். பலருக்கு அது இயக்கத்தில் இருப்பதே தெரியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்நுழைந்த கணினி என்றால் அந்த எண் பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே இருக்கும், கைபேசியிலிருந்து முன்கூட்டியே பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சேஃப் மோடில் பின் எண் ஏற்காமல் போகலாம், கணக்கின் கடவுச்சொல்லும் நினைவில் இருக்கட்டும்.

உள்ளே போனதும் டிவைஸ் மேனேஜர், டிஸ்ப்ளே அடாப்டர்ஸ், உங்கள் கார்டின் மேல் வலது கிளிக், ப்ராப்பர்டீஸ், டிரைவர் தாவல். ரோல் பேக் டிரைவர் பட்டன் ஒளிர்ந்தால் அதுதான் முதல் மருந்து. மங்கலாக இருந்தால் அன்இன்ஸ்டால் டிவைஸ் கொடுத்து, டிரைவரையும் நீக்கு என்ற பெட்டியில் டிக் செய்து, ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

ஐகான் எல்லாம் பெரிது, ரெசல்யூஷனை மாற்றவே முடியவில்லை

டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்பதைத் திறந்தால் மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்று இருக்கிறதா? அப்படியானால் விண்டோஸுக்கு உங்கள் கார்டின் டிரைவர் கிடைக்கவில்லை, பொதுவான ஒன்றை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறது. ரெசல்யூஷன் 1024 × 768 போன்ற ஒன்றில் நின்றுபோவது, வெளிச்சத்தைக் கூட்டக் குறைக்க முடியாதது, இரண்டாவது மானிட்டர் வராதது, வீடியோ திக்கித் திக்கி ஓடுவது, இந்த நான்கும் சேர்ந்து வந்தால் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்லலாம்.

முதலில் விண்டோஸ் அப்டேட்டில் ஆப்ஷனல் அப்டேட்ஸ் பகுதியைப் பாருங்கள், டிரைவர் அங்கே காத்திருக்கலாம். இல்லாவிட்டால், மடிக்கணினிக்கு அதைத் தயாரித்தவரின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து எடுங்கள். டெஸ்க்டாப்பில் தனி கார்டு என்றால் என்விடியா, ஏஎம்டி, இன்டெல் தளத்திலிருந்து நேரடியாக எடுக்கலாம். மடிக்கணினிக்குத் தயாரிப்பாளர் தளம் ஏன் என்றால், இன்டெல் கிராஃபிக்ஸும் தனி கார்டும் சேர்ந்து ஓடுகிற கணினிகளில் தயாரிப்பாளர் டிரைவரில் தன் தேவைக்குச் சில மாற்றங்களைச் செய்திருப்பார். இரண்டு சிப் இருந்தால் இரண்டுக்கும் டிரைவர் வேண்டும், முதலில் இன்டெல் அல்லது ஏஎம்டி சிப்புக்கு, அப்புறம் தனி கார்டுக்கு. டிரைவர் உபகாரம் செய்கிறேன் என்று வரும் மூன்றாம் ஆள் செயலிகளைத் தொடவே தொடாதீர்கள்.

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்ததால் பழைய கணினிகளைக்கூட 11-க்கு ஏற்றியவர்கள் பலர். விண்டோஸ் 11 கேட்பது, விண்டோஸின் கிராஃபிக்ஸ் மென்பொருள் தொகுப்பான டைரக்ட்எக்ஸ் 12-க்கு ஒத்த கிராஃபிக்ஸும், டபிள்யூடிடிஎம் 2.0 என்ற வகை டிரைவரும். ரன் பெட்டியில் டிஎக்ஸ்டயாக் (dxdiag) என்று ஆங்கிலத்தில் தட்டி டிஸ்ப்ளே தாவலைப் பார்த்தால் உங்களுடையது எது என்று தெரியும். 11-க்கென்று தனி டிரைவர் இல்லாத பழைய சிப் என்றால், அதே சிப்பின் கடைசி விண்டோஸ் 10 டிரைவரைப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும்.

புது டிரைவர் போட்டும் பழையது விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் பழைய டிரைவரை வேரோடு நீக்கும் டிடியு என்ற இலவசக் கருவி உதவும். இணையத்தைத் துண்டித்துவிட்டு சேஃப் மோடில் ஓட்டுங்கள். இணையம் இருந்தால் நீங்கள் பழையதை நீக்கும்போதே விண்டோஸ் தன் கையிலுள்ள ஒன்றைப் போட்டுவிடும். என்விடியா நிறுவும்போது கஸ்டம் என்பதில் க்ளீன் இன்ஸ்டலேஷன் என்று ஒரு பெட்டி உண்டு, சாதாரண நிலையில் அதுவே போதும்.

திரை மினுக்குகிறது

டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு பாருங்கள். எல்லாம் மினுக்கும்போது அதுவும் சேர்ந்து மினுக்கினால் டிரைவர். அது மட்டும் அசையாமல் நிற்க மற்றவை மினுக்கினால் ஏதோ ஒரு செயலி, சமீபத்தில் போட்டது எது என்று யோசித்து நீக்குங்கள். மைக்ரோசாஃப்ட் சொல்லும் வழியும் இதுதான், என் அனுபவத்திலும் ஏமாற்றியதில்லை.

ஒரு நொடி கறுப்பாகி மீண்டு வருகிறது என்றால் விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியில் 4101 என்ற எண்ணைத் தேடுங்கள். கிராஃபிக்ஸ் சிப் இரண்டு நொடிக்குள் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் டிரைவரை இழுத்து மறுபடி தொடங்கும், அதன் பதிவு அது. இந்தப் பதிவு நிறைய இருந்தால் டிரைவரை ஒரு படி பின்னுக்குக் கொண்டுபோங்கள், கார்டின் வேகத்தை அளவுக்கு மேல் ஏற்றி வைத்திருந்தால் இறக்குங்கள். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் சூட்டையும் பவர் சப்ளையையும் சந்தேகிக்கலாம்.

ரெஃப்ரெஷ் ரேட்டையும் பாருங்கள். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே. 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை அப்கிரேட் 60-க்கு இறக்கிவிட்டிருக்கலாம், அப்போது மினுக்கல் இல்லாமல் நகர்வு மட்டும் பிசிறும். பழைய கேபிள் வழியாக அதிக ரேட் ஓட்டினால் மினுக்கும். ஒரு படி குறைத்ததும் நின்றுவிட்டால் கேபிளை மாற்றுங்கள்.

எழுத்து மங்கல்

ரெசல்யூஷன் பட்டியலில் ரெகமண்டட் என்று குறித்திருப்பதைத் தேர்ந்தெடுங்கள். எல்சிடி பேனலுக்குச் சொந்த அளவு ஒன்றுதான்: 1366 × 768 என்றால் அதுவே, 1920 × 1080 என்றால் அதுவே. வேறு எதைப் போட்டாலும் மங்கும். அது சரியாக இருந்தும் மங்கலா? எழுத்தையும் ஐகானையும் பெரிதாக்கும் ஸ்கேலிங் 100, 125, 150 சதவீதம் போன்ற தயார் அளவில் நிற்கட்டும், கஸ்டமாகப் போட்ட எண்ணை எடுத்துவிடுங்கள். ஒரே ஒரு பழைய செயலி மட்டும் மங்கல் என்றால் அதன் ப்ராப்பர்டீஸில் கம்பாட்டிபிலிட்டி தாவலில் ஹை டிபிஐ செட்டிங் இருக்கிறது, அதில் ஸ்கேலிங்கைச் செயலியிடமே விடுங்கள். கடைசியாக, எழுத்தைக் கூர்மையாக்கும் க்ளியர்டைப்; மாதிரி எழுத்துகளைக் காட்டிக் கேட்கும், உங்கள் கண்ணுக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

நிறம் வெளிறி அல்லது மஞ்சளாக

மஞ்சள் என்றால் முதலில், இரவில் நீல வெளிச்சத்தைக் குறைக்கும் நைட் லைட்டை அணைத்துப் பாருங்கள். வெளிறிப் போயிருந்தால் வெளிச்ச வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் எச்டிஆர் இயங்குகிறதா என்று பாருங்கள், சுமாரான மானிட்டரில் அது எல்லாவற்றையும் சாம்பலாக்கிவிடும். எச்டிஎம்ஐ வழியில் கறுப்பு கறுப்பாக இல்லாமல் சாம்பலாகத் தெரிந்தால், கார்டு 16 முதல் 235 வரையுள்ள குறுகிய அளவில் நிறத்தை அனுப்புகிறது, மானிட்டர் 0 முதல் 255 வரை எதிர்பார்க்கிறது. என்விடியா கண்ட்ரோல் பேனலில் அவுட்புட் டைனமிக் ரேஞ்ச் என்பதை ஃபுல் என்று மாற்றுங்கள். டிரைவர் புதிதாக நிறுவப்படும்போது இந்த ஒரு செட்டிங் அடிக்கடி பழைய நிலைக்கு ஓடிவிடும்.

டிவியில் இணைத்தபோது விளிம்பு வெட்டுப்படுகிறது என்றால் பெரும்பாலும் கணினியில் தேட வேண்டாம், டிவியின் பட அளவு மெனுவில் ஸ்கிரீன் ஃபிட் அல்லது ஜஸ்ட் ஸ்கேன் போன்ற ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஏஎம்டி கார்டு என்றால் எச்டிஎம்ஐ ஸ்கேலிங் என்ற நகர்த்தியையும் பாருங்கள்.

இரண்டாவது மானிட்டரைக் காணவில்லை

மானிட்டரின் மின் இணைப்பைச் சுவரிலிருந்தே பிடுங்கி ஐந்து நிமிடம் விடுங்கள், மறுபடி செருகுங்கள். கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் டிஸ்ப்ளேபோர்ட் மானிட்டர்கள் இதில் நிறைய சரியாகின்றன. யூஎஸ்பி டாக் வழியாக இணைத்திருந்தால் அது யூஎஸ்பி வழியே படத்தை அனுப்பும் டிஸ்ப்ளேலிங்க் வகையா என்று பாருங்கள்; அந்த வகைக்குத் தனி டிரைவர் வேண்டும், அப்கிரேட் அதைக் கழற்றிவிட்டிருக்கலாம். அப்புறம், ஷட் டவுன் செய்து ஆன் செய்வதைவிட ரீஸ்டார்ட் கொடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் ஷட் டவுன் செய்தாலும் டிரைவரின் நிலை டிஸ்கில் சேமிக்கப்பட்டு அப்படியே திரும்பி வரும், ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றும்.

லினக்ஸில் என்றால்

இங்கே கதை பெரும்பாலும் கர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, மாறியதும் என்விடியா டிரைவரின் மாட்யூல் அதற்கேற்ப உருவாகாமல் போவதுதான். கணினி தொடங்கும்போது எஸ்கேப், பழைய பயாஸ் கணினியில் ஷிஃப்ட், அழுத்தி, எதைத் தொடங்குவது என்று கேட்கும் கிரப் பட்டியலுக்குப் போய் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள். அதில் திரை வந்தால் காரணம் உறுதி. அதுவும் வராவிட்டால் பட்டியலில் ஆங்கில இ விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு நோமோட்செட் (nomodeset) என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் ஒரே சொல்லாகச் சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். இது அந்த ஒருமுறைக்கு மட்டும்தான், படம் சுமாராக இருக்கும், ஆனால் உள்ளே போய்விடலாம். உபுண்டுவில் அடிஷனல் டிரைவர்ஸ் பகுதியில் பரிந்துரைத்த டிரைவரைப் போடுங்கள்.

டிரைவர் போட்டும் ஏறவில்லை என்றால், கையொப்பம் சரியாக உள்ள மென்பொருளை மட்டும் ஏற்றும் செக்யூர் பூட்டைப் பாருங்கள். நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்டிருக்கும், ரீஸ்டார்ட் ஆனதும் நீலத் திரையில் என்ரோல் மாக் என்று வரும், அவசரத்தில் அதைத் தாண்டிவிட்டால் கையொப்பம் ஏற்கப்படாமல் மாட்யூல் வெளியிலேயே நிற்கும். செட்டிங்ஸில் அபவுட் பக்கத்தில் கிராஃபிக்ஸுக்கு நேரே எல்எல்விஎம்பைப் என்று இருந்தால் கார்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது, சிபியுதான் படம் வரைகிறது என்று பொருள். உள்நுழைந்த பிறகு மட்டும் சிக்கல் என்றால் உள்நுழையும் திரையின் பல்சக்கர ஐகானில், திரையில் படம் காட்டும் இரண்டு முறைகளில் வேலாண்டிலிருந்து எக்ஸ்11-க்கு மாறிப் பாருங்கள். உபுண்டு 21.04 முதல் பெரும்பாலும் வேலாண்டே இயல்பு, 25.10-ல் க்னோம் டெஸ்க்டாப்பின் எக்ஸ்11 வழியே எடுக்கப்பட்டுவிட்டது, அதனால் புதிய பதிப்பில் இந்தக் கதவு இல்லை.

மேக்கில்

டிரைவர் இயங்குதளத்தோடே வருவதால் தனியாகத் தேட ஒன்றுமில்லை. ஆப்பிள் சிப் என்றால் அணைத்துவிட்டுப் பவர் பட்டனைத் தொடக்க விருப்பங்கள் வரும்வரை பிடித்து, டிஸ்கைத் தேர்ந்தெடுத்து, ஷிஃப்டோடு சேஃப் மோடில் தொடருங்கள். இன்டெல் என்றால் தொடங்கும்போதே ஷிஃப்ட். அதில் சரியாகத் தெரிந்தால் தொடக்கத்தில் ஓடும் செயலிகளைச் சந்தேகியுங்கள். டிஸ்ப்ளேலிங்க் டாக் வைத்திருப்பவர்கள் அதன் செயலிக்குத் திரைப்பதிவு அனுமதி இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள், அது இல்லாமல் வெளி மானிட்டர் வராது.

எதுவும் சரிவரவில்லை

விண்டோஸில் பழைய பதிப்புக்குத் திரும்ப 10 நாள் அவகாசம் இருக்கிறது. செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி, கோ பேக். அதற்குள் விண்டோஸ்.ஓல்ட் என்ற ஃபோல்டரை இடம் வேண்டும் என்று அழித்துவிடாதீர்கள், திரும்பும் வழி அதில்தான் இருக்கிறது. உங்கள் கோப்புகள் தங்கும், அப்கிரேடுக்குப் பிறகு போட்ட செயலிகளும் டிரைவர்களும் போகும், அதனால் கோப்புகளுக்கு ஒரு பிரதியும், பழைய பதிப்பில் ஒழுங்காக ஓடிய டிரைவரின் நிறுவல் கோப்பும் பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டு பட்டனை அழுத்துங்கள்.